தேதிக்கு விட்ட இடம்

ஷ்டிப்
பிப்ரவரி 2, ஞாயிறு

அன்புள்ள நெவேனா,

நலமாக இருக்கிறாயா? வருஷப் பிறப்பன்று போனில் இருவரும் கத்திக்கொண்ட பிறகு, இனி உன்னிடம் எதையும் காகிதத்தில்தான் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வைத்துவிட முடியாது. இதை ஸ்கோப்யே பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இரண்டு பாட்டில் ஐவார், இந்த வருஷ மிளகாயைச் சுட்டு அரைத்தது. போன தடவை காரமே இல்லை என்று முகத்தைச் சுளித்தாயே, இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டு என்னைத் திட்டாதே. பாட்டில்களைத் திருப்பி அனுப்பு. வருஷா வருஷம் என் பாட்டில்கள் தலைநகரத்துக்குப் போகின்றன, ஒன்றுகூட ஊர் திரும்புவதில்லை.

உன் அத்தானுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நடக்க வேண்டும் என்றார் டாக்டர். மனிதர் காபிக் கடை வரைக்கும் நடக்கிறார், அதற்கு மேல் நடக்க மாட்டேன் என்கிறார்.

கம்பெனியில் மூச்சு விட நேரமில்லை. துணி வாங்குகிற ஜெர்மன்காரன் கோடைச் சட்டைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு உயிரை வாங்குகிறான். யாகோதா மட்டும் இல்லையென்றால் நான் எப்போதோ மெஷின்களை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பேன். என் மகனின் ஞானஸ்நானத்தில் அவளை ஞானத்தாயாக நிறுத்தியது எவ்வளவு நல்லது என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். சூப்பர்வைசர் என்று பெயர், உண்மையில் கம்பெனியே அவள்தான். ஆனால் இந்தக் குளிர்காலம் முழுக்க எதற்கெடுத்தாலும் சிடுசிடு என்கிறாள். வயசாகிறது போல.

போன வாரம் தையல் முதலாளிகள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒருவர் எழுந்து, "நம்ம ஊர்ல எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்த ஸ்கோப்யே பொண்ணு போட்ட படிவம்தான் இருக்கு, விடுப்பு விண்ணப்பத்துல இருந்து வாடகை ஒப்பந்தம் வரைக்கும். வக்கீலுக்குக் கொடுக்குற காசு மிச்சம்" என்றார். நான் விடுவேனா? "அது என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கடைசியில் யாரோ எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காலர் தைக்கிற பெண் ஒருத்தி நின்றுவிட்டாள், புதிதாக மூன்று பேர் எடுக்கிறேன். உன் இணையதளத்தில் இருந்த விலகல் ஒப்பந்தப் படிவம், இரண்டு தரப்பும் சம்மதித்து வேலையை முடித்துக்கொள்வதாக இருக்குமே, அது காணவில்லை என்கிறாள் ஆபீஸ் பெண் கலினா. தேடித் தேடிக் கண் வலிக்கிறதாம். முதல் நாளே வேலை ஒப்பந்தத்தோடு அதையும் சேர்த்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் எங்கள் வழக்கம், உனக்குத் தெரியாததா. சீக்கிரம் மறுபடி போட்டுவிடு.

உன்னைத் திட்டிக்கொண்டே நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா ராத்கா


ஸ்கோப்யே
பிப்ரவரி 5

அன்புள்ள அக்கா,

ஐவார் வந்தது. காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிட்டது, போதுமா? அத்தானைக் காபிக் கடையை இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிற கடைக்கு மாற்றச் சொல்.

கலினா மேல் தப்பில்லை. அந்தப் படிவத்தை நான்தான் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று சொல்கிறேன். தயவுசெய்து கடைசி வரைக்கும் படி.

ஜனவரிக் கடைசியில் ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அக்கா, நான் ஒரு தையல் கம்பெனில காலர் தைக்கிறேன். சேர்ந்த அன்னிக்கு ரெண்டு காகிதத்துல கையெழுத்து வாங்கினாங்க. ஒண்ணு வேலை ஒப்பந்தம். இன்னொண்ணுல நானே சம்மதிச்சு வேலைய விட்டுட்டேன்னு இருந்துச்சு, தேதி மட்டும் போடல. எல்லாரும் போடுறாங்களேன்னு நானும் போட்டேன். இந்தத் திங்கக்கிழமை, மாசமா இருக்கேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். வியாழக்கிழமை அந்தக் காகிதத்துல தேதி விழுந்துடுச்சு. காகிதத்துக்கு அடியில உங்க பேரு இருக்கு. இதைச் செஞ்சது நீங்கதானே? அப்போ இதை எப்படிச் செல்லாம ஆக்குறதுன்னும் உங்களுக்குத்தான் தெரியும்."

படமும் அனுப்பியிருந்தாள். உன் கம்பெனி முத்திரையும் உன் கையெழுத்தும் இருந்தன. உன் பெயரின் கடைசி எழுத்தை வால் மாதிரி இழுத்துவிடுவாயே, அந்த வாலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்கு அடியில், பொடி எழுத்தில் என் வரி: "இலவசப் படிவம். எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவருக்கும் கொடுங்கள். நெவேனா ஸ்டோய்கோவா, ஸ்கோப்யே."

நீ "நின்றுவிட்டாள்" என்று எழுதினாயே, அது இந்தப் பெண்தானே? சிமோனா.

அக்கா, நான் அதை எழுதியபோது என் மனதில் இருந்தது வேறு. ஒருத்தருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைக்கும், முதலாளியோடு கைகுலுக்கிவிட்டுப் போவார், அப்போது ஒரு காகிதம் வேண்டும். தேதிக்கு ஒரு கோடு விட்டேன். எல்லாப் படிவத்திலும் விடுவதுதான். அந்தக் கோட்டை வருஷக் கணக்கில் காலியாக வைத்திருந்து, பிடிக்காத அன்றைக்கு நிரப்புவார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வக்கீல் ஆபீசில் இருந்தபோதே கேள்விப்பட்டிருக்கிறேன். அதை யாரோ முகம் தெரியாத முதலாளிகள் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. அவளைத் திரும்ப எடுத்துக்கொள். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. இந்த வாரமே செய்துவிட்டால் இது உனக்கும் எனக்கும் நடுவில் முடிந்துவிடும்.

அன்புத் தங்கை
நெவேனா


ஷ்டிப்
பிப்ரவரி 9

நெவேனா,

உன் கடிதத்தை மூன்று நாள் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். உடனே எழுதியிருந்தால் உன்னால் படித்திருக்க முடியாது.

நீ என்னை என்னவென்று நினைத்தாய்? கர்ப்பிணிப் பெண்ணை வாசலில் தள்ளிவிட்டுச் சிரிக்கிறவள் என்றா? ஆர்டர் ஏப்ரலில் லாரி ஏற வேண்டும். காலர் தைக்கத் தெரிந்தவர்கள் என்னிடம் இரண்டே பேர். ஒருத்தி பிரசவ விடுப்பு என்று ஒன்பது மாசம் வரமாட்டாள். விடுப்புக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும், சரி, ஆளையும் அரசாங்கமா கொடுக்கும்? அவள் இடத்தில் இன்னொருத்தியை எடுத்தால், இவள் திரும்பி வரும்போது அவளை எங்கே அனுப்புவேன்? ஸ்கோப்யேயில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். இங்கே வந்து ஒரு வாரம் இந்தக் கம்பெனியை நடத்திப் பார்.

அந்தக் காகிதத்தை நான் மட்டும் வாங்குவதாக நினைத்தாயா? இந்தத் தெருவில் எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் போய்க் கேள். ஒரு வித்தியாசம் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் அடியில் இருக்கிற உன் பெயரை வெட்டிவிட்டுத்தான் பிரதி எடுக்கிறார்கள். கலினாவும் வெட்டப் போனாள். நான்தான், "வெட்டாதடி, என் தங்கச்சி பேரு, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் அதைக் காட்டி, "பாரு, இது என் தங்கச்சி போட்டது, நாடே இதைத்தான் பயன்படுத்துது" என்று சொல்லியிருக்கிறேன். உன்மேல் இருந்த பெருமைதான் இன்றைக்கு என் கழுத்தில் கயிறாக விழுந்திருக்கிறது.

அவளிடம் நான் மரியாதையாகத்தான் பேசினேன். "குழந்தை பொறக்கட்டும், பெருசாகட்டும், அப்புறம் வா, பார்க்கலாம்" என்றேன். என்ன சொன்னாள் தெரியுமா? "அதுவரைக்கும் என் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் நீங்களா குடுப்பீங்க?" என்றாள். முகத்துக்கு நேரே! நானும் பதிலுக்கு, "என்னைக் கேட்டுக்கிட்டா பெத்துக்கப் போற?" என்றேன். அது தப்புத்தான். வாயில் வந்துவிட்டது.

இப்போது கேள். அவள் தொழிலாளர் ஆய்வாளரிடம் போய் எழுதிக் கொடுத்திருக்கிறாள். காகிதத்தில் உன் பெயர் இருப்பதால் உனக்கும் ஓலை வரும். நீ ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: இது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற படிவம், யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். பொய்கூட இல்லை. ஜெர்மன்காரன் தன் ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக விதி போட்டிருக்கிறான், தொழிலாளியை இப்படி நடத்தக்கூடாது, அப்படி நடத்தக்கூடாது என்று. இது அவன் காதுக்குப் போனால் ஆர்டர் போச்சு. கம்பெனியும் போச்சு. ஒரு சிமோனாவுக்காக இத்தனை பெண்கள் வயிற்றில் அடிக்கப் போகிறாயா?

ராத்கா


ஸ்கோப்யே
பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா,

நேற்று திராட்சைத் தோட்டக்காரர்களின் திரிஃபுன் திருநாள். அத்தான் முழங்கால் வலியையும் மறந்துவிட்டுத் திராட்சைக் கொடியைக் கத்தரித்து, வேரில் ஒயின் ஊற்றி, மீதியைத் தன் வாயில் ஊற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவரைப் பார்க்காமலே வந்துவிட்டேன். ஆமாம், நான் ஷ்டிப்புக்கு வந்திருந்தேன். உன் தெருப் பக்கம் வராமல் பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். இதை வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக்கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

சிமோனாவைச் சந்தை பக்கத்து ரொட்டிக் கடையில் பார்த்தேன். இறைச்சி ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அவள் ரொட்டியின் ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றாள், இறைச்சி வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம். ரொம்பச் சின்னப் பெண் அக்கா. முதலில் நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, "ராத்கா என் கூடப் பிறந்த அக்கா" என்றேன். எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் ரொட்டி ஓரத்தில் இன்னொரு துண்டு பிய்த்தாள்.

"தெரியும்கா. தெரிஞ்சுதான் உங்களுக்கு எழுதினேன்" என்றாள். "உங்களப் பத்திப் பேசாத நாளே அவங்களுக்குக் கிடையாது. ஆய்வாளர் சொன்னா கேப்பாங்களோ மாட்டாங்களோ, நீங்க சொன்னா கேப்பாங்கன்னு நினைச்சேன்."

அக்கா கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

"நஷ்ட ஈடு கேட்கப் போறியா?" என்றேன். "நஷ்ட ஈட்ட வச்சு என்ன பண்றது? எனக்கு என் மெஷின் வேணும்" என்றாள். அவள் கணவனுக்கு நிரந்தர வேலை இல்லை. இவள் பேரில்தான் வீட்டுக்கே இன்சூரன்ஸ். கிளம்பும்போது ஒன்று கேட்டாள்: "முதலாளிங்களுக்கு எல்லாம் காகிதம் போட்டு வச்சிருக்கீங்க. எங்களுக்கு ஒண்ணுகூடப் போடலியேக்கா?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் தளத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். எச்சரிக்கைக் கடிதம், அபராத உத்தரவு, பணி நீக்கம், இடமாற்றம். அவள் சொன்னது உண்மை. இலவசம் இலவசம் என்று தம்பட்டம் அடித்துக்கொண்டேனே தவிர, யாருக்கு இலவசம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அதனால் ஒரு படிவம் எழுதியிருக்கிறேன். ஐந்தாறு வரிதான். "வேலையில் சேர்ந்தபோது தேதி போடாத விலகல் ஒப்பந்தம் ஒன்றில் என்னிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. வேலையை விடும் எண்ணம் எனக்கு இல்லை. பிற்பாடு அதில் எந்தத் தேதி எழுதப்பட்டாலும் அது என் விருப்பம் அல்ல." இதை நிரப்பி, நோட்டரியிடம் அன்றைய தேதியோடு முத்திரை வாங்கி, ஒரு பிரதியை முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் காலிக் கோட்டை நிரப்ப எந்த முதலாளிக்கும் துணிச்சல் வராது.

புதன்கிழமை இதைத் தளத்தில் போடப் போகிறேன். அதற்குள் நீயாகவே உன் அலமாரியில் இருக்கிற காகிதங்களை எல்லாம் அந்தப் பெண்களிடம் திருப்பிக் கொடுத்துவிடு அக்கா. உன்னை யாரும் கட்டாயப்படுத்தியதாக இருக்க வேண்டாம். உன் கையாலேயே செய்ததாக இருக்கட்டும்.

ஆய்வாளரின் கடிதம் வந்துவிட்டது. மார்ச் நான்காம் தேதி என்னை வரச் சொல்லியிருக்கிறார்.

நெவேனா


ஷ்டிப்
பிப்ரவரி 17

நெவேனா,

ஊருக்கு வந்து, ரொட்டிக் கடையில் உட்கார்ந்து, என் வீட்டுப் படி ஏறாமல் போயிருக்கிறாய். கடைக்காரர் என்னிடம் நேற்றே சொல்லிவிட்டார். ஊரே சிரிக்கிறது.

நான் முதலில் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது. முதல் நாளே இரண்டையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குவோம் என்று என் கையாலேயே எழுதித் தொலைத்திருக்கிறேன். அதைத்தானே ஆய்வாளரிடம் நீட்டப் போகிறாய்? நீட்டு. அம்மா போன பிறகு யார் உன்னைச் சட்டம் படிக்க ஸ்கோப்யேக்கு அனுப்பினார்கள் என்று அவர் கேட்டால் அதையும் சொல்லு. இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே தூங்கியவள் யார் என்றும் சொல்லு.

அந்தப் படிவத்தைப் போடாதே. போட்டால் உனக்கு ஷ்டிப்பில் அக்கா என்று ஒருத்தி கிடையாது. நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ராத்கா


ஸ்கோப்யே
பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று நீ முடிவு செய்துகொள். எனக்கு வேறு பெயர் வாயில் வராது.

உன் முதல் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். பிரதி எடுக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. அடுப்பில் போடு, என்ன வேண்டுமானாலும் செய். அன்போடு எழுதி, ஐவாரோடு அனுப்பிய கடிதத்தை உனக்கு எதிராக நீட்டுகிறவள் நான் இல்லை. நீ அப்படி நினைத்தாயே என்றுதான் வலிக்கிறது.

ஆனால் ஆய்வாளர் நேரே என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டால் தெரியாது என்று சொல்ல மாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு உன் முதுகுக்குப் பின்னால் செய்த மாதிரி ஆகக்கூடாது.

நீ என்னைப் படிக்க வைத்தாய். அதை நான் மறந்த நாள் இல்லை. அந்தத் தளத்தை ஆரம்பித்ததே அதனால்தான் அக்கா. அந்தக் காலத்தில் உன் முதலாளி ஏதோ காகிதத்தை நீட்டினால் நீ படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவாய். "அதுல என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டால், "யாருக்குத் தெரியும், வக்கீல் பாஷை" என்பாய். உன்னை மாதிரி ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததை நான் கவனிக்கவே இல்லை.

நேற்று அந்தப் படிவத்தைப் போட்டுவிட்டேன். இன்று காலைக்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. தோல் பட்டறை, சூப்பர் மார்க்கெட், ஹோட்டல், எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்கள். ஷ்டிப்பில் இருந்தும் எழுதுகிறார்கள். யார் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன்.

நான்காம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பெண்ணைக் கூப்பிடு.

நெவேனா


ஷ்டிப்
மார்ச் 1

நெவேனா,

உன் கடிதம் வந்த அன்று அதை முழுதாகப் படிக்கவில்லை. என் பழைய கடிதம் உள்ளே இருப்பதைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். இப்போது நடந்ததைச் சொல்கிறேன், சொல்லி முடிக்கும் வரை என்னை ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

திங்கட்கிழமை காலை ஆபீசில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். யாகோதா உள்ளே வந்து மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். உன் புதுப் படிவம். அவள் கையெழுத்து, நோட்டரி முத்திரை எல்லாம் இருந்தது. யாராவது பெண் கொடுத்தனுப்பியதை எடுத்து வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பெயரைப் பார்த்த பிறகும் புரியவில்லை.

"உனக்கு எதுக்குடி இது?" என்றேன். "உன்கிட்ட நான் எப்போ வாங்கினேன்?"

"கம்பெனி ஆரம்பிச்ச அன்னிக்கு. எல்லார்கிட்டயும் வாங்கின, என்கிட்டயும் வாங்கின."

"அது சும்மா முறைக்கு வாங்கினது. எனக்கு ஞாபகம்கூட இல்ல. உன்னை நான் அனுப்புவேனா?"

"சிமோனாவையும் அனுப்ப மாட்டேன்னுதான் நினைச்சேன்" என்றாள். "அவ மாசமா இருக்கான்னு உன்கிட்ட வந்து சொன்னதே நான்தான். நல்ல சேதின்னு நினைச்சு, சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்புறம்தான் அலமாரியைத் திறந்தேன்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். பித்தப்பையில் கல்லாம். இலையுதிர் காலத்திலேயே அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிவிட்டார்களாம். ஆர்டர் நேரத்தில் படுத்தால் அந்தக் காகிதத்தில் தேதி விழுந்துவிடுமோ என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு குளிர்காலத்தை ஓட்டியிருக்கிறாள். நான் அவளைச் சிடுமூஞ்சி என்று உனக்கு எழுதினேன். வலியில் நின்றிருக்கிறாள் நெவேனா. என் எதிரிலேயே, தினமும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் உனக்கு யாரு? என் பிள்ளைக்கு ஞானத்தாய் நீ!" என்று கத்தினேன்.

"என் கையெழுத்து உன் அலமாரியில இருக்கும்போது உன்கிட்ட எப்படிச் சொல்றது ராத்கா?" என்றாள். அவள் கத்தவில்லை.

அவள் போன பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். காகிதத்தை வைத்துவிட்டு மெஷினுக்குப் போனார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சிலர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் முன்னால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷமாக என்னை எல்லாருக்கும் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் பிறந்த நாளுக்கும் கேக் வாங்காமல் இருந்திருக்கிறேனா? அவர்கள் கேக்கைத் தின்றுகொண்டே பயந்திருக்கிறார்கள்.

மதியம் அலமாரியைத் திறந்து, எல்லாக் காகிதத்தையும் அவரவர் கையில் கொடுத்தேன். யாகோதா தன்னுடையதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கிழிக்கக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை நானே ஆய்வாளரிடம் போனேன். சிமோனா சம்மதித்து விலகவில்லை, தேதியை நான்தான் எழுதினேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்மா, வக்கீலைக் கூட்டிட்டு வந்து அப்புறம் சொல்றீங்களா?" என்றார். "வக்கீல் வந்தா வேற மாதிரி சொல்லிடுவேன், இப்பவே எழுதிக்கோங்க" என்றேன். அபராதம் வரும். வரட்டும். நீ நான்காம் தேதி வர வேண்டியதில்லை என்று அவரே உனக்கு எழுதுவார்.

சிமோனா வியாழக்கிழமை திரும்பி வந்து தன் மெஷினில் உட்கார்ந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, எண்ணெய் போட்டுவிட்டுக் காலரை எடுத்தாள். யாகோதாவுக்கு வரும் வாரம் அறுவை சிகிச்சை. அவள் திரும்பி வருகிற வரை தையல் வரிசையை நான் பார்த்துக்கொள்வேன். ஜெர்மன்காரனுக்கும் நானே எழுதிவிட்டேன், வேறு யாரோ சொல்லி அவன் கேட்க வேண்டாம். ஏப்ரலில் ஆளனுப்பிச் சோதனை போடுவார்களாம். ஆர்டர் இருக்குமா போகுமா தெரியவில்லை. நான் உன்னைப் பயமுறுத்தியது எல்லாம் பொய் இல்லை, அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சோதனை முடிகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

நீ செய்தது சரி. இதை ஒரு தடவைதான் சொல்வேன், இன்னொரு தடவை என் வாயில் இருந்து வராது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. யாகோதா என்னைப் பார்த்துப் பயந்தாள். கலினா பயப்படுகிறாள். உன் அத்தான்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுக்கிறார். எனக்குப் பயப்படாத ஒரே ஆள் நீதான். யாராலும் செய்ய முடியாததை நீ செய்தாய், அதனால்தான் சிமோனாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, யாகோதா ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். எனக்கு நன்றாகப் புரிகிறது. புரிந்தும் உன்னை மன்னிக்க முடியவில்லை. மற்றவர்கள் காகிதத்தை என் மேஜையில் வைத்தார்கள், நீ ஊர் முழுக்க வைத்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்த்த பிள்ளை என்னை இந்தக் கோலத்தில் பார்த்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை நெவேனா.

ஈஸ்டருக்கு வராதே. முட்டைக்குச் சாயம் போட்டு உனக்கென்று எடுத்து வைக்கவும் மாட்டேன். உன்னைப் பார்த்தால் அறைவேனா, கட்டிக்கொண்டு அழுவேனா என்று எனக்கே தெரியாது. என்றைக்குத் தெரிகிறதோ அன்றைக்கு நானே போன் செய்கிறேன். அதுவரை எழுதாதே. நீ எழுதினால் நான் பதில் எழுதுவேன், எழுதினால் மறுபடியும் உன்னைக் காயப்படுத்துவேன்.

போன் மணி அடித்தால் மட்டும் எடு.

ராத்கா